காக்வெல் கிழவியின் காலடியில்

ஸ்கெல்பெக் கிராம வரலாற்றுச் சங்கம்
ஸ்கெல்பெக், லிங்கன்ஷயர்
4 செப்டம்பர் 1991

அன்புள்ள திருமதி மால்ட்பி அவர்களுக்கு,

எங்கள் சங்கம் வரும் வசந்தத்தில் இந்தக் கிராமத்தைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறது. இங்கே வாழ்கிறவர்கள், இங்கிருந்து போனவர்கள் எல்லோரிடமும் அவரவர் நினைவில் இருப்பதை எழுதி வாங்குகிறோம். தாங்கள் 1950 முதல் 1954 வரை மில் சந்து மூன்றாம் வீட்டில் குடியிருந்ததாக வாக்காளர் பட்டியலில் பார்த்தோம். உருளைக்கிழங்கு வயல் வேலை, சிறு தேவாலயத்தின் ஆண்டுவிழா, ராணி முடிசூடிய அன்று மைதானத்தில் நடந்த விருந்து என்று எது நினைவில் இருந்தாலும் எழுதி அனுப்ப வேண்டுகிறோம். பழைய புகைப்படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம்.

இதுவரை உள்ளது எல்லோருக்கும் போகிற தட்டச்சுக் கடிதம். இனி வருவது நானே கையால் எழுதுவது.

ஐரிஸ், உன் விலாசத்தை உன் சித்தி மகளிடம் வாங்கினேன். கொடுக்கலாமா என்று அவள் ரொம்பத் தயங்கினாள். உன்னிடம் நான் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது 1954 மார்ச் மாதத்தைச் சேர்ந்தது. உன்னைக் கேட்காமல் அதை எழுதிவிடக் கூடாது என்பதால் முதலில் கேட்கிறேன். வேண்டாம் என்றால் பதில் போடாதே. நான் மறுபடி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

ஈனிட் ராய்த்பி
கௌரவச் செயலாளர்


கிரிம்ஸ்பி
17 செப்டம்பர் 1991

செயலாளர் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. மூணு தடவை அடுப்புல போடப் போனேன்.

உருளைக்கிழங்கு பொறுக்கினதை எழுதணுமா? முதுகு வலிச்சுது. முடிசூட்டு விருந்தன்னிக்கு மழை பெஞ்சு கேக் எல்லாம் ஊறிப்போச்சு. உன் புத்தகத்துக்கு இது போதும்னு நினைக்கிறேன்.

1954 மார்ச்னு எழுத உனக்கு எப்படிக் கை வந்துது? எனக்கு மார்ச்சை விட ஏப்ரல்தான் நல்லா ஞாபகம் இருக்கு. ஆஸ்பத்திரியிலேருந்து வந்து மூணு வாரம். குழந்தை இல்லை, ஆனா பால் மட்டும் இன்னும் வத்தலை. கோட்டைப் போட்டுக்கிட்டு உங்க வீட்டுக் கதவைத் தட்டினேன். ஊர்ல யார் செத்தாலும் குழி வெட்டுறவர் உங்கப்பா. அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்கணும். என் குழந்தையை உங்க கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தாங்களா, இல்லையா?

நீதான் திறந்தே. பாதிக் கதவு. "அப்பா வீட்டுல இல்லை, அவருக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு ஒரே மூச்சுல சொன்னே. நான் இன்னும் எதையும் கேட்கவே இல்லை, ஈனிட். கேட்காத கேள்விக்கு நீ பதில் வச்சிருந்தே. அவரோட பூட்ஸ் மிதியடி மேல ஈரமா இருந்துது. உள்ளே கிண்ணத்துல கரண்டி இடிக்கிற சத்தம். நீ என் மூஞ்சியைப் பார்க்காம கதவைச் சாத்தினே. பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுல ஒம்பது வருஷம் உட்கார்ந்தவ நீ.

அந்தக் கோடையிலயே நாங்க இங்கே வந்துட்டோம். கென்னுக்கு மீன் துறைமுகத்துல வேலை கிடைச்சுது. ஸ்கெல்பெக் இங்கேருந்து பஸ்ல ஒண்ணேகால் மணி நேரம். ஒரு தடவை கூட வரலை.

என்ன விஷயம்னு எழுது. போன் பண்ணாதே. கென்னுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துடுச்சு. போன் அவர் நாற்காலிக்குப் பக்கத்துல இருக்கு, மணி அடிச்சா எட்டி எடுக்கப் பார்த்து விழுந்துடுவார்.

ஐரிஸ்


ஸ்கெல்பெக்
20 செப்டம்பர் 1991

ஐரிஸ்,

நீ எழுதியது அத்தனையும் உண்மை. அப்பா உள்ளே சூப் குடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக நீ சந்தில் வருவதைப் பார்த்துவிட்டு, "நான் இல்லை, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு" என்றார். சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. நடந்தது இதுதான்.

அப்பா போய் இருபது வருடமாகிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதே வீட்டில்தான் இருக்கிறேன். தபாலாபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்தச் சங்கம்தான் எனக்குப் பொழுதுபோக்கு. பழைய பொருட்களின் கண்காட்சிக்கு அப்பாவின் மண்வெட்டியைக் கொடுக்கலாம் என்று போன ஜூனில் கொட்டகையைத் திறந்தேன். தார் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் தகர டப்பா இருந்தது. அதில் ஐந்து நோட்டுகள், விதைக் கடையில் சும்மா கொடுப்பார்களே, அந்த மாதிரி. எந்தக் குழி எத்தனை அடி, எந்த நாள் புல் வெட்டினார், எந்த நாள் மழை என்றெல்லாம் குறித்து வைத்திருக்கிறார். நடுநடுவே பொடி எழுத்தில் ஒன்பது இடங்களில் வேறு மாதிரி குறிப்பு. 1947-இலிருந்து 1961 வரை.

உயிரில்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு அன்று தனிக் குழி கிடையாது, ஜெபம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். அந்த வாரம் யாருக்குக் குழி வெட்டியிருக்கிறதோ அதில் ஓர் ஓரமாக வைத்துவிடுவார்கள். அப்பா அதைச் செய்திருக்கிறார். செய்ததை எழுதியும் வைத்திருக்கிறார். உன்னுடையது இது:

"மார்ச் 11, வியாழன். மழை. காக்வெல் கிழவிக்கு வெட்டிய குழியில், காலடிப் பக்கம் இன்னும் ஒன்றரை அடி. பெட்டி ஒன்று. மால்ட்பி. பெண்."

கிழவியின் அடக்கம் மறுநாள் நடந்தது. வடக்குச் சுவர் ஓரம் அந்தக் கல் இன்றும் நேராக நிற்கிறது. நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

ஈனிட்


கிரிம்ஸ்பி
1 அக்டோபர் 1991

ஈனிட்,

பொண்ணுன்னு எனக்குத் தெரியாது.

உனக்குப் புரியுதா? முப்பத்தேழு வருஷமா எனக்குத் தெரியாது. மயக்க மருந்து கொடுத்திருந்தாங்க. கண்ணு முழிச்சப்ப கட்டிலைச் சுத்தித் திரை போட்டிருந்துது. நர்ஸைக் கேட்டேன், பையனா பொண்ணான்னு. "அதெல்லாம் தெரிஞ்சுக்காம இருக்கிறதுதான் உனக்கு நல்லது கண்ணு"ன்னா. கென்னைக் கேட்டேன். "எனக்குக் காட்டலை"ன்னார். அப்புறம் யாரைக் கேட்கறது? மார்ச் வந்தா ஒரு வருஷம் பையனா நினைச்சுக்குவேன், ஒரு வருஷம் பொண்ணா. 57-ல பையன் ராபின் பிறந்தப்புறம், அப்ப மூத்தது பொண்ணாத்தான் இருக்கும்னு நானா ஒரு முடிவுக்கு வந்தேன். ஆனா நாமளா முடிவு பண்ணிக்கிறது வேற, தெரிஞ்சுக்கிறது வேற.

நீ அதை மழைக்கும் ஒண்ணரை அடிக்கும் பக்கத்துல எழுதியிருக்கே.

உன் கடிதம் வந்த அன்னிக்கு மீன் வாங்கக் கிளம்பினேன். வாசல்லயே தபால்காரர் கையில கொடுத்தார். பஸ் நிறுத்தத்துல நின்னு பிரிச்சேன். ஒரு பஸ் வந்து போச்சு. இன்னொண்ணும் வந்து போச்சு. பக்கத்துல நின்ன பொம்பளை உடம்பு சரியில்லையான்னு கேட்டா. "எனக்குப் பொண்ணு பிறந்திருக்கு"ன்னு சொல்லிட்டேன். அவ என் நரைச்ச தலைமுடியைப் பார்த்தா. அப்படியே நகர்ந்து தள்ளிப் போய் நின்னுக்கிட்டா.

கென்கிட்ட இன்னும் சொல்லலை. பக்கவாதத்துக்கப்புறம் அவருக்கு வாயில ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். "சரி". டீ வேணுமான்னா சரி, கால் வலிக்குதான்னா சரி, சும்மா இருக்கறப்பவும் சரி. இதைச் சொன்னா தாங்குவாரான்னு தெரியலை.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. உங்கப்பா கையெழுத்துல பார்க்கணும்.

ஐரிஸ்


ஸ்கெல்பெக்
14 அக்டோபர் 1991

அன்புள்ள ஐரிஸ்,

நான் பேனா பிடிக்கவே லாயக்கில்லாதவள். பெண் குழந்தை என்பது உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். பஸ் ஏறி வந்து நேரில் சொல்லியிருக்க வேண்டும். தைரியம் இல்லை, கடிதம் எழுதினேன்.

இங்கே நிலைமை நன்றாக இல்லை. முதல் செவ்வாய் கமிட்டி கூடியது. அந்த ஒன்பது குறிப்புகளையும் பெயரில்லாமல், இடம் சொல்லாமல், புத்தகத்தில் ஒரே ஒரு பக்கமாகப் போடலாம் என்று நான் கேட்டேன். தலைவர் ஜெஃப்ரி காக்வெல் நோட்டை வாங்கித் தன் குடும்பப் பெயரைப் பார்த்தார். அதன் பிறகு டீயைத் தொடவில்லை. அவர் கெட்டவர் இல்லை, ஐரிஸ். அந்தக் கிழவி அவருடைய பாட்டி. சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். இன்றும் ஞாயிறுதோறும் அந்தக் கல்லைச் சுற்றிக் கத்தரிக்கோலால் புல் வெட்டுகிறார்.

"எங்க குடும்பத்துல யாரையாவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? எங்க பாட்டியோட குழியில உங்கப்பா இஷ்டத்துக்குக் கை வச்சிருக்கார். இதை நீ அச்சடிச்சு ஊருக்கு விக்கப் போறியா?" என்று கேட்டார்.

நடந்ததை எழுதத்தானே சங்கம் வைத்தோம் என்றேன்.

"ஊரு ஒண்ணா இருக்கணும்னு வச்சோம். செத்தவங்களைத் தோண்டிப் போட இல்லை" என்றார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்.

ஐந்துக்கு இரண்டு என்று வாக்கு விழுந்தது. புத்தகத்தில் அப்பாவைப் பற்றி அரைப் பக்கம் வரும், மண்வெட்டியோடு ஒரு படம். குறிப்புகள் வராது. குழி வெட்டுபவர் கோயில் ஊழியர், ஆகவே நோட்டுகள் கோயிலுக்குச் சொந்தம் என்றும் தீர்மானம் போட்டார்கள். மாதக் கடைசிக்குள் பாதிரியாரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுவார்.

இங்கே ஜெராக்ஸ் எடுக்க வசதி இல்லை. அந்த வரியை என் கையால் பார்த்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஈனிட்


கிரிம்ஸ்பி
18 அக்டோபர் 1991

ஈனிட்,

உங்க ஊர்த் தபாலாபீஸ்ல ஜெராக்ஸ் மெஷின் இருக்கு. பத்து பென்ஸ் போட்டா எடுக்கலாம். என் சித்தி மகள் சொன்னா. முப்பது வருஷம் நீ உட்கார்ந்த ஆபீஸ் அது.

உனக்குப் பொய் சொல்ல வராது. அந்தக் காலத்துலயும் வரலை. எதையோ மறைக்கிறே. அந்த வரி அதோட முடியலை, இல்லையா?

உங்கப்பா எனக்குச் சொல்லாம போனார். கதவைச் சாத்தினது நீ. நர்ஸ் சொல்லலை. இனிமே என்கிட்ட எதைச் சொல்லணும், எதைச் சொல்லக் கூடாதுன்னு இன்னொருத்தர் முடிவு பண்றதை நான் ஒத்துக்க மாட்டேன். எனக்கு அறுபத்திரண்டு வயசு. முழுசையும் அனுப்பு.

ஐரிஸ்


ஸ்கெல்பெக்
30 அக்டோபர் 1991

ஐரிஸ்,

இந்த உறையில் இருப்பது பிரதி இல்லை. அந்தத் தாளேதான். நேற்று ஒரு பிளேடை எடுத்து நோட்டிலிருந்து வெட்டினேன். பின்பக்கம் புல் வெட்டிய கணக்கும் ஒரு வாளி சுண்ணாம்பும்தான் இருக்கிறது. சங்கத்துக்கு யார் எந்தப் பழைய காகிதத்தைக் கொண்டுவந்தாலும், ஓரத்தைக் கூட மடக்காதீர்கள், பென்சில் கூட வைக்காதீர்கள் என்று பாடம் நடத்துகிறவள் நான். இன்று மாலை நோட்டுகளைப் பாதிரியாரிடம் கொடுக்கிறேன். ஒரு தாள் குறைவதை யாராவது ஒருநாள் கண்டுபிடிக்கட்டும்.

நான் விட்டுவிட்ட பாதி எது என்று பார்த்தவுடன் தெரியும். ஆனாலும் இங்கே எழுதிவிடுகிறேன். எழுத்து மங்கியிருக்கிறது, நீ தனியாக உட்கார்ந்து எழுத்துக் கூட்ட வேண்டாம்.

"தகப்பனே கொண்டுவந்தான், சைக்கிளில், ஆஸ்பத்திரியிலிருந்து. அங்கே விட்டுவர மனசில்லை என்றான். மூடுகிறவரை நின்றான். பெண்டாட்டி கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று சத்தியம் கேட்டான். கொடுத்தேன்."

அப்பா எதற்காகப் பொய் சொல்லச் சொன்னார் என்று எனக்கே ஜூனில்தான் தெரிந்தது. உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பழி என்னை விட்டு, முடங்கிக் கிடக்கிற மனிதர் மேல் போய்விடும். நீ என்னைத்தானே இத்தனை வருடம் வெறுத்தாய். அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். நானும் மறுபடி உனக்காக முடிவெடுத்திருக்கிறேன் என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது.

ஈனிட்


கிரிம்ஸ்பி
12 ஜனவரி 1992

ஈனிட்,

எழுதி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. கிறிஸ்மஸுக்கு ராபின் வந்து மூணு நாள் இருந்துட்டு அபர்டீன் போயிட்டான். அங்கே கடல்ல எண்ணெய்க் கிணத்துல வேலை. அவன்கிட்ட ஒண்ணும் சொல்லலை. அவன் போகட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலேருந்து பதினோரு மைல், ஈனிட். மழையில. சைக்கிள்ல ஒரு மூட்டை வச்சா நேரா ஓட்டத் தெரியாத மனுஷன்.

ராபின் போன மறுநாள் சாயங்காலம் நாற்காலிக்குப் பக்கத்துல கீழே உட்கார்ந்தேன். தாளை அவர் மடியில வச்சேன். அவருக்கு இப்போ படிக்க வராது. நானே படிச்சேன், மழையிலேருந்து சத்தியம் வரைக்கும்.

"நீங்கதான் கொண்டுபோனீங்களா?"ன்னேன்.

"சரி"ன்னார்.

"பொண்ணுன்னு உங்களுக்குத் தெரியும்."

"சரி."

"முப்பத்தேழு வருஷம் ஒரே கட்டில்ல படுத்தோமே. ஒரு நாள் சொல்லியிருக்கலாமே, கென்."

"சரி சரி சரி"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். அது என்ன சரின்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆமாவா, இல்லையா, மன்னிச்சுடுன்னா? பேச முடிஞ்ச காலமெல்லாம் பேசலை. இப்போ நான் கேட்கறேன், அவருக்கு வார்த்தை இல்லை.

அப்புறம் நல்லா இருக்கிற அந்த இடது கையைத் தூக்கி நாற்காலிக் கைப்பிடி நுனியில வச்சார். அங்கேருந்து கொஞ்ச தூரம் இழுத்து நிறுத்தினார். மறுபடி நுனி, மறுபடி அதே இடம். நாலஞ்சு தடவை. என்ன பண்றார்னு முதல்ல விளங்கலை. அப்புறம்தான் விளங்குச்சு. பெட்டியோட நீளம். இவ்வளவுதான்னு காட்டறார்.

நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். பலமாவே தட்டினேன். கை மடியில போய் விழுந்துது, அப்புறம் அவர் அதை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து, கஞ்சி காய்ச்சி ஊட்டிவிட்டு, வாயைத் துடைச்சேன். நாங்க ரெண்டு பேரும் அழலை.

என் நல்லதுக்குத்தான் செஞ்சார்னு நீ எழுதிடாதே. எல்லாரும் என் நல்லதுக்குத்தான் செஞ்சீங்க.

ஐரிஸ்


ஸ்கெல்பெக்
3 பிப்ரவரி 1992

ஐரிஸ்,

இங்கே நடப்பதை மட்டும் எழுதுகிறேன்.

செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். தாளை வெட்டியதைப் பாதிரியார் கண்டுபிடித்துவிட்டார். ஜனவரிக் கூட்டத்தில், நான்தான் வெட்டினேன் என்று எழுந்து நின்று சொன்னேன். யார் வீட்டுக்கு அனுப்பினேன் என்று கேட்டார்கள். அதைச் சொல்லவில்லை. இனி பழைய ஆவணங்கள் என் பொறுப்பில் இருக்கக் கூடாது என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். எழுந்து வந்துவிட்டேன். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது.

மற்ற எட்டுக் குறிப்புகளையும் முன்பே எனக்கென்று எழுதி வைத்திருந்தேன். தேடிப் பார்த்ததில் எட்டுத் தாய்மாரில் ஐந்து பேர் இப்போது இல்லை. ஒருத்தியின் தடமே கிடைக்கவில்லை. ஒருத்திக்குக் கடிதம் எழுதினேன். "உங்களுக்கு ஆள் தப்பு, இனி எழுதாதீர்கள்" என்று அட்டை வந்தது. ஆள் தப்பில்லை, எனக்குத் தெரியும். எட்டாவது ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு இன்னும் எழுதவில்லை. அந்த அட்டைக்குப் பிறகு பயமாக இருக்கிறது.

நேற்று கோயில் கேட்டருகே காக்வெல் என்னை நிறுத்தினார். கூட்டத்துக்குப் பிறகு அன்றுதான் பேசினார். கல்லில் பெயர் செதுக்கவோ, அடையாளம் எதுவும் வைக்கவோ விட மாட்டேன் என்றார். சரி என்றேன். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, "நான் ஞாயிறு மட்டும்தான் இங்கே வருவேன். வியாழக்கிழமையில நான் இந்தப் பக்கம் வர்றதில்லை. அந்தம்மாகிட்ட சொல்லு" என்றார். யார் என்று அவர் கேட்கவில்லை. நோட்டில் பெயரைப் பார்த்தவர்தானே. வியாழக்கிழமைதான் கிரிம்ஸ்பி பஸ் இந்த ஊருக்குள் வருகிறது.

ஈனிட்


கிரிம்ஸ்பி
22 மார்ச் 1992

ஈனிட்,

கென் போயிட்டார். போன செவ்வாய்க்கிழமை, காலையில டீ கொண்டு போறேன், தலை சாஞ்சிருந்துது. வெள்ளிக்கிழமை எரிச்சோம். அவர் அப்படித்தான் கேட்டிருந்தார், உடம்பு நல்லா இருந்தப்பவே. ஏன் மண்ணுக்குள்ள போக மாட்டேன்னு அடம் பிடிச்சார்னு இப்போ எனக்கு ஒரு நினைப்பு ஓடுது. கேட்க ஆளில்லை.

அந்தச் சாயங்காலத்துக்கப்புறம் எங்களுக்குள்ள ஒண்ணும் மாறலை. குளிப்பாட்டினேன், சவரம் பண்ணிவிட்டேன். பிப்ரவரியில ஒரு நாள் மட்டும் அவர் கையை எடுத்து நானே அந்தக் கைப்பிடி மேல வச்சேன். இன்னொரு தடவை காட்டட்டும்னு. அவர் காட்டலை. பயந்துட்டார் என்கிட்ட. அதை நினைச்சாத்தான் தாங்கலை.

சவப்பெட்டியை மூடறதுக்கு முன்னாடி, உங்கப்பா எழுதின தாளை அவர் சட்டைப் பையில வச்சு அனுப்பலாம்னு தோணுச்சு. கையில எடுத்துட்டேன் கூட. அப்புறம் வைக்கலை. அவர் அவளைத் தூக்கிட்டுப் போனார், பக்கத்துல நின்னார், எல்லாம் அவருக்கு இருந்துது. எனக்கு இருக்கிறது இந்தத் தாள் மட்டும்தான்.

ராபின்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவளுக்குப் பேர் ஏதாவது நினைச்சு வச்சிருந்தியாம்மான்னு கேட்டான். வச்சிருந்தேன். அவன்கிட்ட சொன்னேன். உன்கிட்ட சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் ரெண்டு, வியாழக்கிழமை வர்றேன். பஸ் நிறுத்தத்துல வந்து நில்லு. மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. எந்தக் கல்லுன்னு காட்ட ஒரு ஆள் வேணும்.

ஐரிஸ்


ஸ்கெல்பெக்
3 ஏப்ரல் 1992

ஐரிஸ்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் கூட்டமாக இருந்தது, உட்கார இடம் கிடைத்ததா என்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று நான் பேசாமல் நின்றது, நீ பேச வேண்டாம் என்று கையைக் காட்டியதால்தான். கிழவியின் கால் எந்தப் பக்கம் என்று நீ கேட்டபோது, கல்லுக்கு எதிர்ப்பக்கத்தை விரலால் காட்டினேன். நீ கோட்டோடு அப்படியே ஈரப்புல்லில் உட்கார்ந்துவிட்டாய். எத்தனை நேரம் என்று நான் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். நீ ஏதோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. வார்த்தை எதுவும் என் காதில் விழவில்லை. விழாமல் இருக்கத்தான் தள்ளி நின்றேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வாய் டீ குடிக்கச் சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டு வாசலுக்கு உன்னைக் கூப்பிட எனக்கு வாய் எழவில்லை.

எட்டாவது ஒருத்தி இருக்கிறாள் என்று எழுதியிருந்தேனே. அவள் உன் ஊரில்தான் இருக்கிறாள், சந்தைக்குப் பின்னால். எழுபத்திரண்டு வயது, தனியாக. நாலு தடவை கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இப்போது என் கையில் சங்கமும் இல்லை, நோட்டும் இல்லை. ஒரு வேளை இதை இப்படியே விட்டுவிடுவதுதான் நல்லதோ என்னவோ.

ஈனிட்


கிரிம்ஸ்பி
6 ஏப்ரல் 1992

ஈனிட்,

உட்கார இடம் கிடைச்சுது. கோட்டு இன்னும் காயலை, அடுப்புக்குப் பக்கத்துல தொங்குது.

ரெண்டு நாள் படுத்தே கிடந்தேன். போயிட்டு வந்தா மனசு பாரம் இறங்கிடும்னு ராபின் சொன்னான். இறங்கலை. முன்னாடி அவ எங்கே இருக்கான்னு தெரியாம இருந்துது. இப்போ எங்கேன்னு தெரியுது, மழை பெஞ்சா அந்த இடத்துலயும் பெய்யுதான்னு நினைக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா தெரியாத காலத்துக்குத் திரும்பிப் போறியான்னு யாராவது கேட்டா, மாட்டேன்னுதான் சொல்லுவேன்.

அதனால விட்டுடறதுதான் நல்லதுன்னு இன்னொரு தடவை எழுதாதே.

அந்தப் பொம்பளைக்கு நீ கடிதம் போட வேண்டாம். இந்த மாதிரி விஷயத்தை நடுத்தெருவுல நின்னு காகிதத்துல படிக்கக் கூடாது. அவ விலாசத்தை எனக்கு அனுப்பு. சந்தைக்குப் பின்னால எனக்குத் தெரியாத சந்து இல்லை. நான் போறேன். முதல் நாள் சும்மா போய் உட்கார்ந்து பேசிட்டு வந்துடுவேன். ரெண்டாவது நாளும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கதவைச் சாத்தினா இன்னொரு நாள் போவேன். அவளா எப்போ கேட்கறாளோ அப்போ சொல்லுவேன், பக்கத்துல உட்கார்ந்து.

விலாசத்தோட உங்கப்பா எழுதின வரியையும் அப்படியே எழுதி அனுப்பு. முழுசா. எதையும் விட்டுடாதே. அவளுக்குப் பிறந்தது பையனா பொண்ணான்னு மேலேயே, முதல் வரியில எழுது.

ஐரிஸ்